இரண்டு பெட்டிகளும் ஒரு சேவலும்

சனிக்கிழமைகளில் கசிமீராவைத் தேடி யாராவது போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பேத்தியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு அவள் ஊர் சுற்றக் கிளம்பியிருப்பாள். அறுபது தாண்டியவளுக்கு இந்தச் சுற்றல் தேவையா என்று மேட்டு நகரமான எல் ஆல்டோவில் அவள் தெருப் பெண்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே. அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியைவிட்டுத் தலை நிமிர்வதில்லை, அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கு.

சுற்றுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மஞ்சள் ரோப் காரில் ஏறி லா பாஸ் பள்ளத்துக்குள் இறங்குவார்கள். வழியில் கீழே மொட்டை மாடிகளில் படுத்திருக்கும் நாய்களை எண்ண வேண்டும். கறுப்பு நாய்கள் அவள் கணக்கு, பழுப்பு நாய்கள் ஆறு வயதுப் பேரன் யமிலின் கணக்கு. தோற்றவர் ஜன்னலோர இடத்தை விட்டுத்தர வேண்டும். கசிமீரா கூசாமல் கள்ளக்கணக்குச் சொல்வாள். கீழே இறங்கியதும் சதுக்கத்துப் புறாக்களுக்குச் சோளம் போடுவார்கள். சாலை கடக்கும் இடங்களில் வரிக்குதிரை வேஷம் போட்ட இளைஞர்கள் பிள்ளைகளைக் கைபிடித்து அந்தப் பக்கம் கொண்டுவிடுவார்கள். யமிலின் ஆசைக்காக ஒரே சாலையை அவள் திரும்பத் திரும்பக் கடப்பாள். "அம்மா, நீங்க எந்தப் பக்கம்தான் போகணும்?" என்று ஒருநாள் வரிக்குதிரையே சலித்துப்போய்க் கேட்டுவிட்டது.

கடைசியில் சந்தை மூலைக் கடையின் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். ஊதாச் சோளத்தில் காய்ச்சிய அபி ஆவி பறக்க வரும். கூடவே பாஸ்டல், உள்ளே பாலாடைக்கட்டி வைத்துப் பூரி போல உப்பப் பொரித்தது. மேலே தூவிய சர்க்கரை யமிலின் மூக்கு நுனி வரை ஏறிவிடும். பேத்தி அனாயிக்குப் பதினொரு வயது, பெரிய மனுஷி. சிந்தாமல் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்துத் தம்பி மூக்கைத் துடைத்துவிட்டு, மூன்று பேரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து ஸ்பெயினில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவாள்.

அந்தப் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் கசிமீராவுக்கு ஒரு நினைப்பு வரும். மகள் நெல்வாவை அவள் ஒருநாள்கூட இப்படி எங்கும் அழைத்துப்போனதில்லை. அப்போது உருளைக்கிழங்கு வியாபாரம். மகள் இவள் முதுகில் கட்டிய துணியிலும், பிறகு மூட்டைகளுக்கு நடுவிலுமாகத்தான் வளர்ந்தாள். அபிக் கடை எதிரிலேயே இருந்தது, உட்கார நேரம்தான் இருக்கவில்லை. இப்போது வியாபாரத்தை விட்டாயிற்று, இடுப்பும் இன்னும் ஒத்துழைக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு விளையாடக் கிடைத்திருந்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பிள்ளைகளின் அப்பன் தையல் வேலைக்கு என்று பிரேசில் போனவன், வைக்கோல் போரில் விழுந்த ஊசி மாதிரிக் காணாமல் போனான். நெல்வா நாலு வருஷமாக ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகளை அழைத்துக்கொள்ள இரண்டு முறை முயன்றாள், இரண்டு முறையும் தட்டிப்போயிற்று. இந்த வருஷம் ஏறக்குறைய எல்லாம் கூடிவந்துவிட்டது, கடைசி அனுமதி மட்டும் பாக்கி. சனவரி பிறந்ததிலிருந்து தொலைபேசியில் அவளுக்கு ஒரே பேச்சுத்தான். குட்டிப் பொருள்கள் விற்கும் அலசீத்தா சந்தைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குட்டிப் பெட்டி வாங்கி, சரியாக உச்சி நேரத்தில் வாழ்த்துச் சொல்ல வைக்க வேண்டும். போன வருஷம் அசட்டையாக விட்டதால்தான் தட்டிப்போயிற்று என்பது அவள் எண்ணம்.

லா பாஸில் இதை நம்பாதவர்கள் குறைவு. நம்பவில்லை என்று வாயால் சொல்பவர்களும் அன்றைக்குச் சந்தைக்குப் போகாமல் இருப்பதில்லை. சனவரி இருபத்துநாலாம் தேதி, எது வேண்டுமோ அதைக் குட்டியாக வாங்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குப் புகை காட்டி, பெரியவர் ஒருவர் வாயால் வாழ்த்துச் சொல்ல வைத்தால், வருஷத்துக்குள் அது பெரிதாக வந்து சேரும். வீடு கேட்பவர்கள் உள்ளங்கை அளவு வீடு வாங்குவார்கள், ஊர்தி கேட்பவர்கள் தீப்பெட்டி அளவு ஊர்தி. வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி. ஆனால் தனக்குத் தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது, அடுத்தவர் வாங்கித் தர வேண்டும்.

"ஆகட்டும்டி, நான் பாத்துக்கறேன்" என்று கசிமீரா மகளிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. பன்னிரண்டு மணி தவறிவிட்டால் என்ன? நான் ஒன்றும் தடுக்கவில்லையே, கூட்டம், வரிசை, தாமதம், அவ்வளவுதானே. ஒரு வருஷம் தள்ளிப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்? யமில் இன்னும் குழந்தை. அங்கே போய் அந்த முன்பின் தெரியாத ஊரில் இவனுடன் நாய் எண்ண யார் இருக்கிறார்கள்?

கள்ள மனம் துள்ளும் என்பார்கள். அன்று காலை கசிமீரா வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள். தலைமுடியை இரட்டைப் பின்னலாக இறுக்கிப் பின்னி, நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, வட்டத் தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டாள். அம்மாச்சி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறாள் என்று யமில் சிரித்தான்.

சந்தையில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. விரலளவு ரொட்டி, நகத்தளவு சோப்பு, வரிசை வரிசையாகச் செல்வம் தரும் மீசைக்கார எக்கேக்கோ சாமி பொம்மைகள், முதுகு நிறையச் சுமையோடு வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. அனாயி ஒரு கடையிலும் கண்ணை ஓட்டாமல் நேராகப் பெட்டிக் கடைக்குப் போனாள். தம்பிக்கு ஒரு நீலப் பெட்டியை அவள் தேர்ந்தெடுத்தாள். தனக்கான சிவப்புப் பெட்டியை எடுக்கத் தம்பியிடம் சொன்னாள். பூட்டு திறந்து மூடுகிறதா, கைப்பிடி கெட்டியா என்று ஒவ்வொன்றையும் சோதித்தாள். கைப்பிடி அறுந்தால் வழியில் தொலைந்துவிடும் அல்லவா என்றாள்.

யமில் பக்கத்துக் கடையில் அந்தக் கடைக்காரம்மாவுடன் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவன் கையில் சிவப்புக் கொண்டையும் பச்சை வாலுமாக ஒரு களிமண் சேவல் இருந்தது. "இது உனக்கு அம்மாச்சி" என்று நீட்டினான்.

சுற்றி நின்ற பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருஷன் வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் சேவலை வாங்கித் தருவது வழக்கம். "இந்த வயசுல மாப்பிள்ளை பாக்கறான் உன் பேரன்! பாத்துக்கோ அக்கா, வருஷத்துக்குள்ள கூவிடும்" என்றாள் ஒருத்தி. கசிமீராவும் வயிறு குலுங்கச் சிரித்துச் சேவலைச் சால்வைக்குள் முடிந்துகொண்டாள். பையன் வண்ணத்தைப் பார்த்து மயங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. சந்தைக்குள்ளேயே மூலைக்கு மூலை வாழ்த்துச் சொல்லும் பெரியவர்கள் தூபக்கால் மூட்டிக் காத்திருந்தார்கள். அனாயி அவர்களில் ஒருவரைக் கைகாட்டினாள். அப்போதுதான் கசிமீரா அந்தப் பொய்யைச் சொன்னாள். இவர்களெல்லாம் காசுக்கு வாய் அசைக்கிறவர்கள், மேலே எல் ஆல்டோவில் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் வாழ்த்தினால் கல்லும் நடக்கும் என்றாள். அப்படி ஒரு பெரியவர் இருந்தார், உண்மைதான். அவர் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போகிற வழியில் அபிக் கடை. அனாயி வேண்டாம் என்றாள். காலையிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்று யமிலைக் காட்டி அவளை உட்கார வைத்தாள் கசிமீரா. பாஸ்டல் முடிந்ததும் இன்னொன்று சொன்னாள். யமிலுக்காக வரிக்குதிரையோடு சாலையைக் கடந்தாள், மறுபடி கடந்தாள். புறாக்களைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றாள். சனிக்கிழமைகளில் என்னவெல்லாம் செய்தார்களோ அதையெல்லாம் அன்று அவள் ஒன்று விடாமல் செய்தாள். ஆனால் எதுவும் ருசிக்கவில்லை. பாஸ்டல் அவள் வாயில் துணியாகக் கிடந்தது. அனாயி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சதுக்கத்துக் கடிகாரத்தைப் பார்ப்பாள், பாட்டியைப் பார்ப்பாள், பெட்டிகள் இருந்த பையை மார்போடு சேர்த்துக்கொள்வாள். அந்தப் பார்வைக்குக் கசிமீரா முகம் கொடுக்கவில்லை.

ரோப் கார் நிலையத்தில் அவள் எதிர்பார்த்தபடியே வரிசை தெரு வரை நின்றது. அது போதாதென்று, கைத்தடியோடு வந்த ஒரு கிழவரைத் தனக்கு முன்னால் விட்டாள். புண்ணியவதி என்று அவர் வாழ்த்தினார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர்கள் ஏறிய கூண்டில் வேறு இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் கல்லூரிப் பையன். இன்னொருத்தி கசிமீராவைப் போலவே பாவாடையும் வட்டத் தொப்பியுமாக நடுவயதுக்காரி. தன் கடைக்குப் பூசை போட மேலே கடைசி நிலையம் வரை போகிறாளாம், மடியில் மஞ்சள் பூவிதழ்ப் பையும் சாராயக் குப்பியும் வைத்திருந்தாள். கூண்டு பாதி உயரம் ஏறியபோது கீழே பள்ளம் முழுவதும் தேவாலய மணிகள் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன. உச்சி மணி.

அனாயி பையைத் திறந்து இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் ஓசையில்லாமல் வழிந்தது. தங்கள் தாமதத்துக்கு யார் காரணம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கசிமீராவுக்குச் சண்டை போட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

விஷயம் என்ன என்று தொப்பிக்காரி விசாரித்தாள். யமில்தான் சொன்னான். அம்மாகிட்ட போகிறதுக்குப் பெட்டி, பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, பெரியவர் மேலே இருக்கிறார் என்று.

"இதுக்கா அழற? மணி இன்னும் அடிச்சிக்கிட்டுதானே இருக்கு? உங்க பாட்டியவிடப் பெரியவங்க யாரு இந்தக் கூண்டுல? அவங்க வாயால சொல்லட்டும். புகைதான் போட முடியாது, ரோப் கார்க்காரன் இறக்கி விட்டுருவான். பூவும் சாராயமும் நான் தர்றேன்" என்றாள் தொப்பிக்காரி. கல்லூரிப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அனாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளை அம்மாச்சியின் பக்கம் நீட்டினாள்.

ஓட இடமில்லை. கீழே இறங்கவும் முடியாது, மேலே பறக்கவும் முடியாது. பூவிதழ்கள் பெட்டிகள் மேல் விழுந்தன, சாராயம் தெறித்தது. எதிரே இல்லிமானி மலை பனி முழுக்க வெளிச்சமாக நின்றது. கசிமீரா இரண்டு பெட்டிகள் மேலும் கை வைத்தாள்.

போய் வாருங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பட்டிக்காடு என்று கேலி செய்வார்கள் என்று பயந்து, அவளே அவர்களுக்குத் தன் தாய்மொழி ஐமாராவைக் கற்றுக்கொடுக்காமல் விட்டிருந்தாள். இப்போது அந்த மொழியில் ஒளிந்துகொண்டாள். பழைய காலத்து வாழ்த்துக்கு உரிய அதே இழுப்போடு, அதே ராகத்தோடு சொன்னாள்.

அவள் சொன்னது இதுதான்: "பூமித்தாயே, மலையப்பா, இந்தப் பிள்ளைங்க போகக் கூடாது. இந்தப் பெட்டி திறக்கக் கூடாது. என் கண்ணு மூடற மட்டும் என் பக்கத்துலயே கெடக்கட்டும்."

மணி ஓய்ந்தது. கல்லூரிப் பையன் கை தட்டினான், யமிலும் சேர்ந்து தட்டினான். அனாயி பாட்டியின் கன்னத்தில் முத்தமிட்டாள். தொப்பிக்காரியின் கை மட்டும் பூவிதழோடு அந்தரத்தில் அப்படியே நின்றது. அவளும் அந்த மொழிக்காரி. பாட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். மீதிப் பூவைப் பைக்குள் போட்டுக் குப்பியை மூடினாள். பிறகு ஐமாராவிலேயே, பிள்ளைகளுக்குச் சந்தேகம் வராத குரலில் சொன்னாள்: "உச்சியில சொன்ன சொல்லு சும்மா போகாதும்மா. பாத்துக்கோங்க."

அடுத்த நிலையத்திலேயே அவள் இறங்கிப்போனாள். அவள் கடை அங்கே இல்லை என்பது கசிமீராவுக்குத் தெரியும், கடைசி நிலையத்துக்குப் போவதாக அவளே சொல்லியிருந்தாள். தன்னோடு ஒரே கூண்டில் உட்காரப் பிடிக்காமல் ஒரு பெண் இறங்கிப்போகிறாள். கசிமீராவின் காது மடல் வரை சுட்டது. மீதி வழி முழுவதும் அவள் கறுப்பு நாய்களை எண்ணவில்லை. ஜன்னலோர இடத்தைக் கேட்காமலே யமிலுக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அனாயி பெட்டிகளை அலமாரியில் இருந்த எக்கேக்கோவின் தோளுக்கு ஒன்றாக மாட்டினாள். யமில் சேவலை அதன் காலடியில் நிறுத்தினான். கசிமீரா அந்தப் பக்கம் திரும்பாமல் சூப்புக்குக் கிழங்கு சீவினாள். அந்த மீசைக்காரன் எல்லாம் தெரிந்துகொண்டு சிரிக்கிற மாதிரி இருந்தது.

சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் நெல்வா அழைத்தாள். அங்கே இரவாகிவிட்டது, கிழவியைப் படுக்கவைத்த பிறகு கிடைக்கும் சிறிது நேரம் அது. யமில் சேவல் கதையைச் சொன்னான். நெல்வா சிரித்த சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. பிறகு அனாயி தொலைபேசியை வாங்கினாள். ரோப் காரிலேயே உச்சி மணி அடித்ததையும், தொப்பிக்காரம்மா பூக் கொடுத்ததையும், அம்மாச்சியே பெட்டி மேல் கை வைத்து வாழ்த்தியதையும் சொன்னாள். "எனக்கு அப்படியே மனப்பாடம் ஆயிருச்சும்மா. உன் பாஷைதானே? சொல்றேன் கேளு" என்றாள்.

அந்தப் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் பாராட்டுகிற காது. பாட்டியின் இழுப்பும் ராகமும்கூட மாறாமல், ஓர் எழுத்துப் பிசகாமல், அர்த்தம் ஒன்றும் தெரியாமல், முகம் மலரச் சொல்லி முடித்தாள். போகக் கூடாது. திறக்கக் கூடாது. என் பக்கத்துலயே கெடக்கட்டும்.

கசிமீராவின் கையில் கத்தியும் கிழங்கும் இருந்தன. இரவுச் சமையலுக்கு அவசியமில்லாத கிழங்கு. சீவுவதை நிறுத்தினாள். தொடர்பு போய்விட்டதா என்று அனாயி தொலைபேசியைத் தட்டிப் பார்த்தாள்.

பிறகு நெல்வாவின் குரல் வந்தது. "நல்ல வாழ்த்துதான் கண்ணு. ரொம்ப நல்லாச் சொன்ன. ஃபோனை அம்மாச்சிகிட்ட குடுத்துட்டு நீங்க போய் விளையாடுங்க."

கசிமீரா கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். முற்றத்துக்குப் போய்த் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். மகள் ஐமாராவில் பேசினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டவில்லை.

"அம்மா, நான் கிளம்பற அன்னிக்கு என் பெட்டி மேல கை வெச்சு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

கசிமீரா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"போடி, திரும்பிப் பாக்காத, பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ கூப்பிடற அன்னிக்கு அனுப்பி வெக்கறேன்னு சொன்ன. அந்தச் சொல்லப் புடிச்சிக்கிட்டுதான் நாலு வருஷமா வேற ஒருத்தியோட அம்மாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்."

"நெனப்பு ஒண்ணு, வாயில வந்தது ஒண்ணுடி" என்றாள் கசிமீரா. அதுவும் பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"அனாயி அனுப்பற படமெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்தப் பெஞ்சு, அபி, அவன் மூக்குல சக்கரை. எனக்கு அப்படி ஒருநாள் கெடச்சதில்லம்மா. உன்கூடவும் இல்ல, அவங்ககூடவும் இல்ல." நெல்வா மூக்கை உறிஞ்சினாள். "அவங்ககிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ நல்லாப் பாத்துக்கிட்ட, அதுல ஒண்ணும் கொறையில்ல. கெழவி கூப்பிடுது, வெச்சிடறேன்."

கசிமீரா முற்றத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் காட்டிக்கொடுக்க மாட்டாள். தொப்பிக்காரி எங்கே இருக்கிறாளோ. பேசாமல் இருந்தால் இது இதோடு மண்ணுக்குள் போய்விடும். பிள்ளைகள் அவளைத் தெய்வமாக நினைத்துக்கொண்டே இருப்பார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. மகளுடைய பெட்டியை மனதார வாழ்த்த முடிந்தது. ஏன் முடிந்தது? மகள் போனால் பிள்ளைகள் தனக்குக் கிடைப்பார்கள் என்பதாலா? அப்படி இல்லை என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிப் பார்த்தாள். அடித்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே போய் எக்கேக்கோவின் தோளிலிருந்து பெட்டிகளை எடுத்து மேசை மேல் வைத்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"உச்சியில சொன்ன வாழ்த்து சரியில்ல. திரும்பச் சொல்லணும்."

"ஏன், வார்த்தை மறந்துபோச்சா?" என்றாள் அனாயி.

"மறக்கல. வேணும்னே மாத்திச் சொன்னேன். மேல பெரியவர் யாரும் இல்ல. ரெண்டாவது பாஸ்டல் வாங்கினதும் நேரம் போகணும்னுதான்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, உச்சியில் சொன்னதன் அர்த்தத்தை வரிக்கு வரி அவர்கள் மொழியில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் நிமிரவில்லை.

யமிலுக்குப் பாதிதான் புரிந்தது. அனாயிக்கு முழுவதும் புரிந்தது. அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "அப்ப நான் அம்மாகிட்ட அதத்தான் சொன்னேனா? வர மாட்டேன்னு? என் வாயாலயா?"

கசிமீரா ஆமென்று தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. தான் பட வேண்டிய வெட்கத்தைப் பதினொரு வயதுப் பிள்ளை படுவதைப் பார்ப்பதைவிடக் கொடிய தண்டனை ஒன்றை எந்தச் சாமியும் யோசித்திருக்க முடியாது. கைநீட்டி அணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குத் தனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை என்று கையை மடக்கிக்கொண்டாள்.

அனாயி வாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பெட்டிகளை மேசை விளிம்புக்கு, பாட்டியின் பக்கம் நகர்த்தினாள். முத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள்.

பூ இல்லை, சாராயம் இல்லை, உச்சி தாண்டி எவ்வளவோ நேரமாகிவிட்டது. கசிமீரா பெட்டிகள் மேல் கை வைத்தாள். ராகம் எதுவும் இல்லாமல், காய் விலை சொல்வது போன்ற வெறும் குரலில், தனக்கு அவ்வளவாக வராத ஸ்பானிய மொழியில் சொன்னாள்.

"இந்தப் பிள்ளைங்க போகணும். இந்த வருஷமே போகணும். அவங்க அம்மாகிட்ட போய்ச் சேரணும். நான் உச்சியில கேட்டதைக் காதுல போட்டுக்காதீங்க. ஒரு ஆசை புடிச்ச கெழவி கேட்டது அது."

கடைசி வார்த்தை உடைந்துதான் வந்தது. அனாயி பெட்டிகளைப் பாட்டி கையில் விடாமல் தானே எடுத்துக்கொண்டுபோய் மாட்டினாள். இனி அவற்றை அவள் தன்னிடம் நம்பித் தர மாட்டாள் என்பது கசிமீராவுக்குப் புரிந்தது. நியாயம்தான் என்றும் தோன்றியது.

யமில் அலமாரியிலிருந்து சேவலை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். "இதுக்கும் சொல்லு அம்மாச்சி."

"இதுக்கு எதுக்குடா? அம்மாச்சிக்கு மாப்பிள்ளை வேணாம்."

"மாப்பிள்ளை இல்ல. நாங்க போயிட்டா நீ தனியா இருப்பல்ல? அந்தக் கடையம்மாகிட்ட கேட்டேன். தனியா இருக்கறவங்களுக்கு இதத்தான் வாங்கித் தரணுமாம். அக்காதான் கேக்கச் சொன்னா."

கசிமீரா அனாயியைப் பார்த்தாள். அவள் எக்கேக்கோவின் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே சரியாக இருந்த கைப்பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காலையில் பெட்டிக் கடையில் நின்றபோதே, தான் ஏமாற்றக் கிளம்புவதற்கு முன்பே, இந்தப் பிள்ளைகள் தனக்காக யோசித்து முடித்திருக்கிறார்கள். சந்தையே சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. அவள் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

யமிலுக்கு அவள் அழுவது தெரியவில்லை. சேவலைக் கண்டு பயப்படுகிறாள், காலையில் அந்தப் பெண்கள் கூவிவிடும் என்று சொன்னார்களே, அதை நம்பிவிட்டாள் என்று நினைத்தான். கிட்டே வந்து அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

"கூவாது அம்மாச்சி. வெறும் மண்ணுதான்."